மரியாதைக்கு ஒரு ‘தே’

“…அதில்ல சார், கடசியில ஒரு ‘ஹெர்’ வந்துச்சே, அது நான்தானே?”

அம்பத்தூரில் ஒரு கட்டடத்தின் மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தபோது எனக்குப் பின்னாலிருந்து அந்தக் கேள்வி வந்தது. முன்பாதி என் காதில் விழவில்லை. தெருவில் போன கன்டெய்னர் லாரியின் ஹாரன் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டது. பின்பாதியே எனக்குப் போதும். ஐந்து நிமிடத்துக்கு முன்னால், மாடியில் ஒரு மேஜைமேல் கிடந்த செல்போனைப் பார்த்து நான் ஆங்கிலத்தில் சொன்ன வாக்கியம் ‘இட் ஈஸ் ஹெர் மிஸ்டேக்’. அது அவருடைய தவறு. அந்த ‘அவர்’தான் இப்போது எனக்கு இரண்டு படி மேலே நின்றுகொண்டு, அந்த வார்த்தை தன்னைத்தான் குறிக்கிறதா என்று சந்தேகம் கேட்கிறார். வகுப்பில் எப்படிக் கேட்பாரோ அதே குரலில். குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் முறையாகப் படித்த வாத்தியார் இல்லை. பத்தாவதோடு நிறுத்திவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையின் டூல் ஸ்டோரில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்தவன். எனக்கு ஆங்கிலம் வந்தது பெட்டிகள்மேல் ஒட்டியிருந்த லேபிள்களிலிருந்து. அப்புறம் அட்டை கிழிந்த ஓர் இலக்கணப் புத்தகம், பழைய பேப்பர் கடையில் எடுத்தது. பட்டறை மூடியதும், பூந்தமல்லியில் ஒரு தையல் கடைக்கு மேலே அறை பிடித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் நடத்த ஆரம்பித்தேன். வருகிறவர்கள் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். செம்பரம்பாக்கம் பக்கத்து குடோனில் சரக்கு எண்ணுகிறவர், அடுக்குமாடியில் செக்யூரிட்டி, தையல் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் இரண்டு பெண்கள், இப்படி எட்டுப் பத்துப் பேர்.

சான்றிதழ் இல்லாதவனுக்கு வாய்தான் சான்றிதழ். சிரிக்க வைத்தால் உட்கார்ந்திருப்பார்கள், சிரிக்காவிட்டால் அடுத்த வாரம் வரமாட்டார்கள். எனக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. யார் எதை நன்றாகச் சொன்னாலும் மனசில் எடுத்து வைத்துக்கொள்வேன். எங்கள் பட்டறை ஃபோர்மேன் ஒருநாள் புதிதாக வந்த ஹெல்பர்மேல் எரிந்து விழுந்தார். “அத்த அங்க வெச்சிட்டு இத்த எடுத்துகினு வான்னியே, அது எது, இது எது? பேரு இல்லாத ஸ்பேனர ஸ்டோர்ல எவன் குடுப்பான்?” புரோநவுன் பாடத்தை நான் எப்போதும் அந்த வார்த்தையை வைத்துத்தான் தொடங்குவேன். முதலில் பேர் சொல்லணும், அப்புறம்தான் ‘அது’ சொல்லணும். பேர் சொல்லாமல் ‘அது’ சொன்னால் எதிராளி கையில் வேறொரு ஸ்பேனர் வந்து நிற்கும்.

அந்த ஃபோர்மேன் சொன்னது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது எனக்கே தெரியாது.

படியில் கேள்வி கேட்டவர் பாரிவாக்கத்திலிருந்து வகுப்புக்கு வந்துகொண்டிருந்தார். ஏறக்குறைய என் வயதுதான். இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்துவிட்டு, வீட்டில் படுத்திருக்கும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு ஒரு ஏஜென்சி மூலமாகப் போகிறவர். அவர் பார்த்துக்கொண்டது திருவேற்காட்டில் ஒரு ஃப்ளாட்டில் இருந்த பெரியவரை. ரிட்டயரானவர். பக்கவாதத்தில் வலது கையும் போய், பேச்சும் போயிருந்தது. மகனுக்குக் கப்பலில் வேலை, மாதக்கணக்கில் தண்ணீரில் இருப்பார். மருமகள் வடக்கே ஓர் ஊரில். தமிழ் தெரியாது. வீட்டுக்கு ஆள் வைப்பது, மருந்து வாங்கச் சொல்வது எல்லாம் அந்த மருமகள்தான், போனிலேயே. அவருக்காகத் தினமும் போன் குரூப்பில் ஆங்கிலத்தில் ரிப்போர்ட் போடவேண்டும். முன்பெல்லாம் ஏஜென்சி நர்ஸ் ஒருவர் எல்லோருக்கும் எழுதிப் போடுவாராம். இனிமேல் அவரவரே எழுதணும், எழுத வராதவர்களை இந்த மாதிரி வீடுகளிலிருந்து மாற்றிவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்காகத்தான் என்னிடம் வந்தார்.

“வேற ஊடு குடுப்பாங்க சார், அது பிரச்ன இல்ல,” என்றார் முதல் நாளே. “ஆனா அவங்களுக்கு என் கையால ஊட்னாத்தான் உள்ள எறங்குது. வேற ஆளு ஊட்னா பொரை ஏறிக்குது. ஒரு தபா நான் லீவு போட்டப்போ ஆஸ்பத்திரி வரைக்கும் போயி வந்தாங்க. நான் அங்கயே இருக்கணும் சார், அவ்ளோதான்.”

அவங்க, வந்தாங்க. ஒரே ஒரு பெரியவர். என் காதில் விழுந்தது, மூளையில் ஏறவில்லை. நம் காதுக்கு அது சரியாகத்தானே கேட்கும்.

பெர்சனல் புரோநவுன் நடத்திய ஞாயிற்றுக்கிழமை எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. சுவரில் நானே பெயின்டால் எழுதிய சார்ட். நான், ஐ. நீ, நீங்கள் இரண்டும் யூ. அவன், ஹீ. அவள், ஷீ. அது, இட். அவர்கள், தே. ‘வி’ வந்தபோது கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்: நம்மிடம் ‘நாம’ என்று ஒன்று, ‘நாங்க’ என்று ஒன்று, ‘நாங்க’ என்றால் கேட்கிறவரைக் கழித்துவிட்டோம் என்று அர்த்தம், இங்கிலீஷில் அந்தக் கழித்தல் கணக்கே கிடையாது, எல்லாம் ‘வி’தான் என்று. பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். சார்ட்டில் ‘அவர்’ என்று ஒரு வரி இல்லை. அட்டை கிழிந்த என் புத்தகத்திலும் இல்லை.

வகுப்பில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற ஒருவர் உண்டு. திருவேற்காடு, பூந்தமல்லி ரூட். அவர்தான் கை தூக்கினார்.

“சார், எங்க ஓனரு பெரிய மன்சன். அவர போயி ‘ஹீ’ன்னா, அவன் இவன்னு சொல்ற மாறி இல்ல? சாவிய குடுத்துட்டு போயிகினே இரு நைனான்னுவாரு.”

“இங்கிலீஷ்ல அப்படி இல்லப்பா. ராஜாவா இருந்தாலும் ஹீதான்.”

“ராஜாக்கு இன்னா சார், அவரு கண்டுக்க மாட்டாரு. எங்க ஓனருக்கு மூக்கு மேல கோவம் வருமே.”

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை இன்னும் கொஞ்சம் இழுக்கவேண்டும்போல எனக்கு இருந்தது.

“அப்போ ஒண்ணு பண்ணு. ஓனருக்கு மட்டும் ‘தே’ போட்டுக்க. அவங்கன்னா ‘தே’தானே? மரியாதையும் ஆச்சு, சாவியும் உன் கையில இருக்கும்.”

“ஒத்த ஓனருக்கே வாடக கட்ட முடியல, நீ ரெண்டு ஓனரு ஆக்கிட்டியே சார்.”

அறையே குலுங்கியது. மூன்றாவது வரிசையில் பாரிவாக்கத்துக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. பேனாவை நிறுத்திக்கொண்டு கேட்டார்: “சார், ஒரே ஆளா இருந்தாலும் போடலாமா?”

நான் அவர் பக்கம் சரியாகத் திரும்பக்கூட இல்லை. சிரிப்பு இருந்த பக்கமே பார்த்துக்கொண்டு, “மரியாதைன்னு வந்துட்டா ஒரு ஆளு என்னம்மா, அரை ஆளுக்கும் போடலாம்,” என்றேன்.

மறுபடி சிரிப்பு. அவர் குனிந்து எழுதிக்கொண்டார்.

வகுப்பு முடிந்ததும் எல்லோருடைய நோட்டையும் பார்த்து சிவப்புப் பேனாவில் டிக் போடுவது வழக்கம். வளர்ந்தவர்களுக்குத்தான் அந்த டிக் ரொம்பப் பிடிக்கும். பள்ளிக்கூடத்தில் கிடைக்காமல் போனது. அவர் நோட்டு மஞ்சள் அட்டை போட்டது. பக்கத்தின் மேலிருந்து கீழே வரை ஒரே இழுப்பாக இழுத்தேன். படிக்கவில்லை. ஆட்டோக்காரர் வெளியே யாரிடமோ “நம்ம வாத்தி செம டமாஸு” என்று சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. என் கவனம் அங்கே இருந்தது.

அதற்கப்புறம் நாலைந்து வாரம் ஒன்றும் நடக்கவில்லை. அவர் நன்றாகவே முன்னேறினார். பொசஸிவ் வந்தபோது எல்லோரையும்விட அவர்தான் முதலில் பிடித்துக்கொண்டார். “பொருளு பின்னாடி வந்தா ஹெர், பொருளு இல்லாம தனியா நின்னா ஹெர்ஸு. கரீட்டா சார்?” கரெக்ட் என்றேன். ரிப்போர்ட்டையும் இப்போது தானே எழுதுவதாகச் சொன்னார். அந்த நர்ஸ் பார்த்துவிட்டு ‘இன்னாக்கா, தொரசானி ஆயிட்ட’ என்றாராம். சொல்லும்போது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். என்ன எழுதுகிறீர்கள், ஒன்று காட்டுங்கள் என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

பிறகு ஒரு ஞாயிறு, எல்லோரும் போனபிறகும் அவர் உட்கார்ந்திருந்தார். போனை எடுத்து நீட்டினார். பார்த்தேன்.

‘தே ஏட் டூ இட்லி. தே ஸ்லெப்ட் டூ அவர்ஸ். தே ஆர் ஆங்ரி டுடே. தே லாஃப்ட் வித் டிவி.’

நான் படித்தால் ஒரு பெரியவர் இரண்டு இட்லி சாப்பிட்டார், தூங்கினார், கோபப்பட்டார், டிவி பார்த்துச் சிரித்தார். வடக்கே இருந்து ஒரு மருமகள் படித்தால், தன் மாமனார் வீட்டில் யாரோ பல பேர் வந்து சாப்பிட்டு, தூங்கி, டிவி போட்டுச் சிரித்துவிட்டுப் போகிறார்கள். மாமனாரைக் கேட்கலாம் என்றால் அவருக்குப் பேச்சு இல்லை. கணவரைக் கேட்கலாம் என்றால் அவர் கப்பலில். ஆகவே குரூப்பிலேயே கேட்டிருக்கிறார், வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள் என்று. இவர் பதில் போட்டிருக்கிறார்: ‘நோபடி. தே ஒன்லி.’

வேறு யாரும் இல்லை, அவங்க மட்டும்தான். எவ்வளவு நேர்மையான பதில். அதுதான் அவரை மாட்டிவிட்டது.

“யாரையோ ஊட்டுக்குள்ள சேத்துக்கினு, கேட்டா மழுப்புறேன்றாங்க சார்,” என்றார். “நாளைக்கு ஆபீசுக்கு வரச் சொல்லிக்கீறாங்க. நான் சொன்னா எடுபடல. நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னா போதும். வாத்தியாரு சொன்னா நம்புவாங்க. நீங்கதான இப்டி எழுதச் சொன்னீங்க.”

கடைசி வாக்கியத்தில் குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை. நான் சொன்னதுதானே சரியாக இருக்கும், அதை அவர்களுக்கு விளக்கிவிட்டால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அப்போதே, அந்த அறையிலேயே, அம்மா அது தமாஷுக்குச் சொன்னது, தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்க வேண்டும். “வரேம்மா, பேசிக்கலாம்” என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் இஸ்திரி போட்ட சட்டையோடு போனேன். ஏஜென்சி மேனேஜர் நல்ல பெண்மணி. எனக்குக் காபி வரவழைத்தார். பாரிவாக்கத்துக்காரர் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். பையின் வாயில் மஞ்சள் அட்டை தெரிந்தது.

“சார், உங்க கிளாஸ் பத்தி ரொம்ப நல்லா சொல்லியிருக்காங்க,” என்றார் மேனேஜர். “இங்கிலீஷ் வராம இன்னும் கொஞ்சம் பேரு எங்ககிட்ட இருக்காங்க. உங்ககிட்டயே அனுப்பலாம்னு ஒரு ஐடியா. அது அப்புறம் பேசுவோம். இந்த ‘தே’ நம்ம ‘அவங்க’தான்னு எனக்குப் புரியுது சார். ஆனா கிளையண்ட்டுக்குத் தமிழ் தெரியாது, நான் எங்க ஸ்டாஃபுக்கு சப்போர்ட் பண்றேன்னு நினைப்பாங்க. நீங்க சொல்லிடுங்க, கத்துக்குடுத்ததுல வந்த குழப்பம்னு. முடிஞ்சுது.”

அவ்வளவு சுலபமாக எனக்கு வழி விட்டிருந்தார். போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தார். மருமகளின் ஆங்கிலம் வேகமாக வந்தது. நான் லேபிளில் படித்த ஆங்கிலம் இல்லை அது. பாதிதான் பிடிபட்டது. கேள்வி மட்டும் தெளிவாக விழுந்தது: நீங்கள்தான் டீச்சரா? ஒரே ஆளுக்கு ‘தே’ என்று எழுத நீங்களா கற்றுக்கொடுத்தீர்கள்? கடைசி வார்த்தைக்குப் பின்னால் ஒரு சின்னச் சிரிப்பு.

எத்தனையோ சிரிப்பை நானே வரவழைத்திருக்கிறேன். இந்தச் சிரிப்பு என்னைப் பார்த்து வந்தது. பத்தாவது வரை படித்த டூல் ஸ்டோர்க்காரனை, தையல் கடை மாடியை, கையால் எழுதிய சார்ட்டை எல்லாம் ஒரே பார்வையில் பார்த்துவிட்ட மாதிரி இருந்தது.

“நோ மேடம். ஐ டாட் கரெக்ட்லி. இட் ஈஸ் ஹெர் மிஸ்டேக்.”

இலக்கணப்படி அதில் ஒரு பிழையும் இல்லை. ஐ, இட், ஹெர் மூன்றும் அதனதன் இடத்தில் நின்றன. மேனேஜர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டுப் பேனாவை மூடி வைத்தார். மருமகள் மேலும் ஏதோ பேசினார். ஆளை மாற்றிவிடுங்கள் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. நாற்காலியில் இருந்தவர் பையின் ஜிப்பை இழுத்து மூடினார். அதற்குள்ளே என் சிவப்பு டிக் இருந்தது. எடுத்து மேஜைமேல் போட்டிருந்தால் என் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். அவர் எடுக்கவில்லை.

இதை எழுதுகிறபோது நடந்து முடிந்தது எல்லாம் எனக்குத் தெரியும். அடுத்த நாள் காலையிலேயே வெள்ளைத்தாளில், தவறு என்னுடையது என்று ஆங்கிலத்தில் நாலு வரி எழுதி எடுத்துக்கொண்டு ஓடினேன். மேனேஜர் படித்தார். “வேற ஆள் போயாச்சு சார். அவங்க திரும்பி இத பேச விரும்பல,” என்று தாளை ஃபைலில் வைத்துக்கொண்டார். நேற்று சொல்லியிருக்கலாமே என்று அவர் கேட்கவில்லை. அந்த ஏஜென்சியிலிருந்து பதினோரு பேர் இப்போது ஞாயிறுதோறும் என் வகுப்புக்கு வருகிறார்கள். மஞ்சள் நோட்டுக்காரர் மட்டும் வருவதில்லை. தாம்பரம் தாண்டி எங்கோ வீடு கொடுத்திருக்கிறார்கள், விடியுமுன்னே பஸ் ஏறினால்தான் முடியும் என்று அந்தப் பதினோரு பேரில் ஒருவர் சொன்னார். திருவேற்காட்டுப் பெரியவருக்கு யார் ஊட்டுகிறார்கள், உள்ளே இறங்குகிறதா என்று அவருக்கும் தெரியவில்லை. சார்ட்டைச் சுண்ணாம்பு அடித்து அழித்து மறுபடி எழுதினேன். ‘அவன்’ வரிக்குக் கீழே இப்போது ‘அவர், அவங்க, ஒரே ஆள்’ என்று ஒரு வரி இருக்கிறது. எதிரே ஹீ, ஷீ. அந்த வரி வரும்போது நான் தமாஷ் பண்ணுவதில்லை. “இன்னா சார், இந்த எடம் வந்தா மட்டும் டல்லாயிடுற,” என்றார் ஆட்டோக்காரர் ஒருநாள். தொண்டை சரியில்லை என்றேன்.

ஆனால் இதெல்லாம் பின்னால் நடந்தது. அன்றைக்கு அந்த அறையைவிட்டு வெளியே வந்து படியில் கால் வைத்தபோது, ஏதாவது சொல்லவேண்டுமே என்று, “கவலப்படாதீங்கம்மா, நாங்க பேசிப் பாக்கறோம்,” என்றேன். நாங்க. நானும் மேனேஜரும். பாடம் நடத்தியவன் வாயிலிருந்து அது தானாகவே வந்தது. கழித்தல் கணக்கு. இரண்டு படி இறங்கியபிறகுதான் எனக்கே கேட்டது. அதற்கு அவர் சொன்ன பதிலின் முன்பாதியைத்தான் லாரி எடுத்துக்கொண்டு போனது. கேட்டது இவ்வளவுதான்: கடசியில ஒரு ‘ஹெர்’ வந்துச்சே, அது நான்தானே?

“ஆமாம்மா,” என்றேன்.

“மிஸ்டேக்கு அதுக்குப் பின்னாடி வந்துச்சு. அதான் ஹெர்ஸு இல்ல, ஹெர்ரு.” தனக்குத்தானே சரிபார்த்துக்கொள்வதுபோலச் சொன்னார்.

நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் இரண்டு படி இறங்கி நான் நின்ற படிக்கே வந்தார். பையைத் திறந்து மஞ்சள் நோட்டை எடுத்தார். பக்கத்தைத் தேடவில்லை, திறந்ததுமே வந்துவிட்டது, அத்தனை தடவை பார்த்திருக்கிறார். நீல மையில் உருட்டி உருட்டி எழுதியிருந்தது: ‘பெரியவங்க, ஒரே ஆளா இருந்தாலும், தே.’ தமிழ் தமிழிலும், கடைசி வார்த்தை ஆங்கிலத்திலும். அதன்மேல் என் சிவப்புக் கோடு மேலிருந்து கீழே ஓடியிருந்தது. நோட்டைச் சுவரில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, அந்த வரியை அடிக்காமல், அதன் கீழே இருந்த இடுக்கில் ஆங்கிலத்தில் சின்னதாக ‘ஹீ’ என்று எழுதினார். ஈரம் காய வாயால் ஊதினார். பிறகு நோட்டை என் பக்கம் திருப்பி, வகுப்பு முடிந்ததும் நீட்டுவாரே அதே மாதிரி, பேனாவை அதன்மேல் வைத்து நீட்டினார்.